எழுதியிருப்பது லேண்ட் ரோவர், நாம் சொல்வது ஜீப்பு

ரிங்லெட் கடைத்தெருவில் காலையில் பத்து நிமிடம் நின்றால் போதும். முட்டைக்கோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு ஒன்று போகும், உர மூட்டைகளோடு இன்னொன்று வரும். சாயம் போன பச்சை, நசுங்கிய கதவு, தார்ப்பாய் போட்ட பின்பக்கம். முன்னால் லேண்ட் ரோவர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவரிடம் அது என்ன வண்டி என்று கேட்டால், “ஜீப்பு” என்றுதான் சொல்வார்.

கேமரன் மலையில் இப்படி ஓடும் லேண்ட் ரோவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அது இங்கிலாந்தில் பிறந்த வண்டி. ஜீப் என்பதோ அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர். ஆங்கிலேய வண்டியை அமெரிக்கப் பெயரால் அழைக்கிறோம். பல்துலக்கும் பசை எதுவானாலும் கொல்கேட் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம், இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இந்த முறை நம் வாய் சொல்வதில் பாதி வரலாறு இருக்கிறது. லேண்ட் ரோவரின் தாய் வண்டியே ஜீப்புதான்.

1940-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. எடை குறைவாக, நான்கு சக்கரமும் இழுக்கக்கூடிய ஒரு சிறிய வண்டி வேண்டும், முதல் வண்டியை 49 நாட்களில் தர வேண்டும் என்பது நிபந்தனை. குறித்த காலத்துக்குள் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியது பென்சில்வேனியாவில் இருந்த பேண்டம் என்ற சிறு நிறுவனம் மட்டுமே. கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியியலாளர் வரைந்து கொடுத்த அந்த வண்டி செப்டம்பர் 23-ஆம் தேதி இராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு நடந்தது கொஞ்சம் வருத்தமானது. பேண்டத்தால் பெரிய எண்ணிக்கையில் தயாரிக்க முடியாது என்று இராணுவம் நினைத்தது. அந்த வண்டியின் வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு பெரிய நிறுவனங்களுக்கும் காட்டப்பட்டன. வில்லிஸிடம் 60 குதிரைத் திறன் கொண்ட வலுவான என்ஜின் இருந்தது. ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது, பிறகு ஃபோர்டும் அதே வண்டியைச் செய்யத் தொடங்கியது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. முதல் வண்டியைச் செய்த பேண்டம் செய்தது சுமார் 2,700 மட்டுமே. அதற்குக் கடைசியில் கிடைத்த வேலை, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறு டிரெய்லர்களைச் செய்வது.

பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள். ‘பொதுப் பயன்பாடு’ என்பதற்கான ஆங்கில முதலெழுத்துகளான ஜிபி மருவி ஜீப் ஆனது என்பார்கள். ஃபோர்டின் குறியீட்டில் ஜி என்பது அரசாங்கத்தையும், பி என்பது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும் குறித்தது, ஆகவே இந்தக் கதையை அப்படியே ஏற்க முடியாது. 1936-இல் பாப்பாய் சித்திரக் கதையில் ‘ஜீப்’ என்று கத்தும் ஒரு விசித்திரப் பிராணி வந்தது, சிப்பாய்கள் அதிலிருந்து எடுத்தார்கள் என்பது இன்னொரு கதை. எதுவானாலும், பெயரை வைத்தவர்கள் வாயில் வந்ததைச் சொன்ன சிப்பாய்கள். அதைத் தன் பெயராகப் பதிவு செய்ய 1943-இல் விண்ணப்பித்தது வில்லிஸ். வண்டியை உருவாக்கியது தாங்களே என்று விளம்பரம் செய்யக்கூடாது என அமெரிக்க வணிக ஆணையம் தடுத்தது. ஆனாலும் 1950-இல் பெயர் மட்டும் வில்லிஸுக்கே கிடைத்தது.

தமிழில் அது ஜீப்பு ஆனதற்கு நம் இலக்கணம்தான் காரணம். வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழ் வாய்க்கு ஒத்து வராது, ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்வோம். பாட்டு, மூக்கு, உப்பு வரிசையில் ஜீப்பும் வன்றொடர்க் குற்றியலுகரமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெயர் அந்த இனம் முழுவதற்கும் ஆகி வருவதை ஆகுபெயர் என்று சொல்லலாமா என்பது பண்டிதர்கள் முடிவு செய்ய வேண்டியது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். போர் முடிந்ததும் மிஞ்சிய ஜீப்புகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பகுதியில் ஆங்கில்சி தீவில் இருந்த தன் பண்ணைக்கு அப்படி ஒன்றை வைத்திருந்தார். பண்ணை வேலைக்கு அதைப் போல எதுவும் ஒத்துழைக்கவில்லை. ஆனால் அது பழுதானால் மாற்றாக வாங்க உள்நாட்டு வண்டி எதுவும் இல்லை. 1947-இல் ஒரு ஜீப்பின் சேஸிஸை எடுத்து, அதன் மேல் ரோவர் என்ஜினை வைத்து முதல் மாதிரி வண்டி செய்யப்பட்டது. ஸ்டீயரிங் நடுவில் இருந்தது, டிராக்டரைப் போல. 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானபோது ஸ்டீயரிங் ஓரத்துக்குப் போயிருந்தது. சக்கர இடைவெளி மட்டும் ஜீப்பைப் போல அதே 80 அங்குலம்.

போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. அதனால் உடல் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். போர் விமானங்களுக்குப் பூசி மிஞ்சிய பச்சைச் சாயத்தைப் பூசினார்கள். பற்றாக்குறையால் எடுத்த இந்த முடிவுதான் பின்னாளில் மழை மாறாத மலைகளில் இந்த வண்டியைக் காப்பாற்றியது. கதவும் மட்கார்டும் நசுங்கும், ஆனால் இரும்பைப் போலத் துருப்பிடித்துக் கரையாது.

கேமரன் மலைக்கு இப்படி ஒரு வண்டி எவ்வளவு தேவை என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜே.ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் ஆட்களின் கைகளுமே கருவிகள். தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1930-களின் தொடக்கத்தில்தான் வந்தது. சாலை வந்தாலும் அது தோட்டத்தின் வாசல் வரைதான். அதற்கு மேல் செங்குத்தான மண் பாதைகள். பறித்த கொழுந்து மூட்டையில் நெருக்கமாகக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். காய்கறிக்கும் அதே அவசரம். லோரி திரும்ப முடியாத வளைவில் திரும்பி, சேற்றில் இறங்கி ஏறும் சிறிய வண்டி இல்லாமல் இந்த இரண்டு தொழிலும் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

மூணாறு, வால்பாறைப் பக்கம் போனவர்கள் கவனித்திருப்பார்கள். அங்கும் தேயிலை, அங்கும் தமிழர், அங்கும் ஜீப்பு. ஆனால் அங்கே அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். மஹிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கி, பிறகு உரிமம் பெற்றுத் தானே தயாரித்தது. கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் வண்டிகள் அந்த வழியில் வந்தவை. இதே மஹிந்திரா, ரோக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கப் போனபோது, தன் ஜீப்பின் உருவத்தைக் காப்பியடித்ததாக ஃபியட் கிரைஸ்லர் 2018-இல் புகார் கொடுத்தது. 2020-இல் தடை வந்தது, உருவத்தை மாற்றிய பிறகே மீண்டும் விற்க முடிந்தது. பேண்டத்துக்கு இப்படிப் புகார் கொடுக்க ஒரு வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றாமல் இல்லை.

ஜீப் என்ற பெயர் கைமாறிய வரிசையும் நீளம். வில்லிஸிடமிருந்து 1953-இல் கைசர், 1970-இல் ஏஎம்சி, 1987-இல் கிரைஸ்லர், இன்று ஸ்டெல்லான்டிஸ். லேண்ட் ரோவருக்கும் இதே கதைதான். பல கைகள் மாறி, 2000-இல் அதை வாங்கியது ஃபோர்டு. போர்க்காலத்தில் ஜீப்பைச் செய்த அதே ஃபோர்டு. ஆக, எட்டு ஆண்டுகளுக்கு நம் ‘ஜீப்பு’ உண்மையிலேயே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. 2008-இல் ஜாகுவாரையும் சேர்த்து 230 கோடி அமெரிக்க டாலருக்கு இந்தியாவின் டாட்டா வாங்கிக்கொண்டது.

ரிங்லெட்டில் ஓடும் வண்டிக்கு இந்தக் கைமாற்றங்களால் எந்தப் பாதிப்பும் இல்லை. அதற்கு உயிர் கொடுப்பது இங்குள்ள ஒர்க்‌ஷாப்கள். பழைய வண்டிகளைப் பார்த்தே வயதைச் சொல்லலாம். முன்விளக்குகள் ரேடியேட்டர் வலைக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தால் 1960-களின் இறுதிக்கு முந்தியது. விளக்குகள் மட்கார்டுக்கு நகர்ந்திருந்தால் அதற்குப் பிந்தியது. வேகமானி நடுவில் இருந்தால் இரண்டாம் வரிசை, ஓட்டுநருக்கு நேராக இருந்தால் 1971-இல் வந்த மூன்றாம் வரிசை. இரண்டாம் வரிசையில் முதல், இரண்டாம் கியருக்கு இறங்கும்போது கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் கடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். தோட்டத்தில் ஓட்டிப் பழகியவர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றவர்கள்.

அப்பா விட்டுப்போன வண்டியை விற்கலாமா வைத்திருக்கலாமா என்று யோசிக்கும் இளைஞர்கள் இன்று பலர். கோலாலம்பூரிலிருந்து பழைய வண்டிப் பிரியர்கள் வந்து விலை கேட்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. வாங்குபவரும் விற்பவரும் வெளிச்சாயத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. அலுமினியம் பளபளக்கும், அதன் அடியில் இருக்கும் சேஸிஸ் எஃகு. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும், ஓட்டுநர் காலடியில் உள்ள இரும்புத் தகட்டையும் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த வண்டிக்குச் செலவு காத்திருக்கிறது. அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஈரம் தங்கினால் வெள்ளைப் பொடியாகப் பூத்து அரிக்கும், கதவுக் கீல் ஓரங்களில் அது முதலில் தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் கிராண்ட். பழைய 2.25 லிட்டர் என்ஜினுக்குப் பதில் ஜப்பானிய டீசல் என்ஜினை வைப்பது நம் நாட்டில் சகஜம். மலைக்கு அது வசதியும் கூட. ஆனால் என்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதி வாங்கி, புதிய எண்ணைக் கிராண்டில் பதிய வேண்டும். பதியாத வண்டியைப் பெயர் மாற்றப் போனால் பரிசோதனையிலேயே நிற்கும். விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும். வண்டி இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருந்தால் அமானா ராயா, நீதிமன்றம் போன்றவற்றின் ஆவணம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. வாரிசுகள் எல்லாரும் ஊரில் இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது. ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போன பிறகு ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது வண்டியின் விலையைவிடப் பெரிய பாடு.

செலவும் கூடிவிட்டது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியது. தகுதி பெற்ற சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகையும் அறிவிக்கப்பட்டது. 1 ரிங்கிட் 20 காசு ஏற்றத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், அந்தத் தொகை அப்போது மாதம் சுமார் 166 லிட்டர் வரைக்கும்தான் ஈடுகட்டியது. தினமும் மலையேறி இறங்கும் வண்டிக்கு அது போதுமா என்பது அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது.

ஓட்டத் தெரியாதவர்கள் கையில் இந்த வண்டி ஆபத்தானதும்கூட. பழைய வரிசைகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடி விட்டுவிடும். கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்க வேண்டும். கியர்க் கம்புக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் கம்பு சேற்றுக்கும் செங்குத்துக்குமான தாழ்ந்த கியர். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் வளைவுகளில் உள் பாகங்கள் முறுக்கேறிக் கெடும், மண் பாதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைக் கோலாலம்பூர்க்காரருக்கு விற்பதானால், பணத்தை எண்ணி வாங்கிய கையோடு இதையும் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். இங்கிருந்து இறங்கும் முதல் 40 சொச்சம் கிலோமீட்டரிலேயே அவருக்கு அது தேவைப்படும்.