ஹட்டன் பலகைகளின் உருண்டை எழுத்து
தமிழெழுத்து வளைந்ததற்கு ஓலையைக் காரணம் சொல்வது வழக்கம்: கிடைக்கோடு இழுத்தால் எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். ஆனால் அதே ஓலையில்தான் ட, ப இரண்டும் கிடைக்கோட்டோடு நின்றன. இலங்கை மலையகத்தின் ஹட்டன் கடைத்தெருவிலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவச் (குழந்தைக் காப்பகச்) சுவரிலும் கையால் எழுதிய பெயர்களில் அந்த மூலைகளும் உருண்டால், அதற்குத் தூரிகை முக்கியக் காரணமாக இருக்கலாம். எனாமல் பெயின்ட் மூலையில் தேங்கி வழியும். வளைத்தால் ஒரே இழுப்பில் ஓடும். மும்மொழிப் பலகையில் பக்கத்தில் நிற்கும் சிங்கள எழுத்தின் சாயலும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.

இப்படி உருட்டும் விளையாட்டு எழுத்து வாசிப்பைக் கெடுக்கும் என்பார்கள். பத்தி முழுக்க எழுதினால் கெடுக்கும்தான். 'ஹட்டன்' என்ற நான்கெழுத்துக்கு அந்தப் பயமில்லை, புள்ளியைக்கூடக் குண்டு வட்டமாகப் போடலாம். அந்தக் காலத் தேயிலைப் பெட்டியின் கதை வேறு: தோட்டப் பெயர், பி.ஓ.பி. போன்ற தரம், எடை எல்லாம் வெட்டுத்தகட்டால் (ஸ்டென்சில்) பதிந்தவை. அங்கே ஒவ்வொரு பெட்டியும் ஒன்றுபோலிருக்க வேண்டியிருந்தது.