எள்ளும் தண்ணீரும் போதுமா?

ஒகேனக்கல்லில் காவிரி பாறைமேல் மோதிப் புகையாய் எழுகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. ஆடிப் பெருக்கிலும் அமாவாசையிலும் அங்கே கூட்டம் அலைமோதும். பரிசல் ஏற வந்தோர் ஒருபுறம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வந்தோர் ஒருபுறம். இன்னொரு புறத்திலோ, தாயைப் பறிகொடுத்த மகன், தமையனை இழந்த தம்பி, கைப்பிடித்தவளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த கணவன்! எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தைக் கரைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

தோழர்களே! அந்தக் கண்ணீரைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. அன்பு இருக்குமிடத்தில் கண்ணீர் இருக்கத்தான் செய்யும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: கடன் வாங்கிக் கரையில் செலவழிப்பதோடு, போனவருக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுகிறதா?

செத்தவருக்குத் தண்ணீர் இறைத்த அதே ஆற்றங்கரை மாவட்டத்தில், உயிரோடு இருந்தவருக்கு நல்ல தண்ணீர் இல்லாதிருந்த கொடுமையை மறக்கலாமா? தருமபுரி மண்ணின் கிணற்று நீரில் புளூரைடு மிகுதி. பிள்ளைகளின் பல்லில் கறை. பெரியவர்களின் எலும்பில் நோவு. 2008 பிப்ரவரியில் கலைஞர் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குடங்களில் இறங்கியது. எந்தத் தண்ணீர் பயன் தந்தது என்பதை அந்தத் தாய்மார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

அந்தக் காவிரி மேட்டூரைக் கடந்து, பவானியைத் தொட்டு, ஈரோட்டுக்கு வருகிறது. அந்த ஈரோட்டில் 1933 மே 11 அன்று ஓர் அம்மையார் கண்மூடினார். பெரியாரின் துணைவியார் நாகம்மையார் அவர்.

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் பிறந்தவர். 1898-இல் மணமகளாய் ஈரோட்டுக்கு வந்தபோது பதின்மூன்று வயதுச் சிறுமி. வைதிகம் ஊறிய குடும்பம். அதற்கு நேர் எதிராய் நடக்கும் கணவர். இரண்டுக்கும் நடுவில் நின்ற அந்தப் பெண், மெல்ல மெல்லக் கணவரின் கொள்கையைத் தன் கொள்கையாக்கிக் கொண்டார். பெற்ற ஒரே பெண் குழந்தையும் சில மாதங்களிலேயே மறைந்தது. அதன்பின் வீடு தேடி வந்த தொண்டர்களே பிள்ளைகள் ஆனார்கள். என்ன சாதி என்று கேளாமல் இலை போட்ட வீடு அது!

அடுப்படியோடு நின்றாரா? இல்லை. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் சிறையில். நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் வீதிக்கு வந்தார்கள். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியாரே சொன்னதாக இயக்கத்தார் வழிவழியாகச் சொல்வர். 1924-இல் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருவில் மனிதன் நடக்க உரிமை கேட்ட போர். அங்கும் பெண்களைத் திரட்டிச் சென்றார். சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வைத்தார். அந்தத் திருமணங்கள் சட்டப்படி செல்ல, 1967-இல் அண்ணாவின் ஆட்சி வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அன்று அந்த மேடையில் நிற்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்பது விளங்கும்.

இப்படிப்பட்ட துணையை இழந்தவர் என்ன செய்தார்? சடங்கு இல்லை. திதி இல்லை. அடுத்த நாளே திருச்சிக்குப் போனார், தடையுத்தரவை மீறி ஒரு கிறித்தவ இணையருக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்தி வைத்தார், கைதானார். கல் நெஞ்சரா அவர்? அந்த வாரக் 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய இரங்கலைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். துணையை இழந்தேன் என்பதா, உணர்ச்சியை இழந்தேன் என்பதா என்று தேடித் தேடித் தவிக்கிறது அந்த எழுத்து. அதோடு நிற்கவில்லை. ஊருக்கு எடுத்துச் சொன்ன பெண் விடுதலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தம் மனைவியிடம் தாம் நடத்திக் காட்டவில்லை என்று, நாடறிய ஒப்புக்கொண்டார் அந்தத் தலைவர்.

இறந்தவரைப் புகழ்வது எளிது. இறந்தவருக்கு நாம் செய்யத் தவறியதைச் சொல்வது கடினம். அந்தக் கடினத்தைச் செய்தவர் பெரியார்.

அம்மையார் மறைந்த அதே ஆண்டு இறுதியில், ஆட்சியைக் கண்டித்த தலையங்கத்துக்காகப் பெரியாரும், 'குடி அரசு' வெளியீட்டாளர் கண்ணம்மாளும் கைதாகிச் சிறை புகுந்தார்கள். அண்ணியாரோடு மறியலுக்கு நின்ற நாத்தனார், அண்ணியார் மறைந்த பின்னும் பணியை விடவில்லை. நினைவஞ்சலி என்றால் இதுவன்றோ நினைவஞ்சலி!

ஆலையிலும், தறியிலும், சுமைக் கூலியிலும் உழைக்கும் தோழனே! உன் வீட்டிலும் ஒருவர் போயிருப்பார். கட்சிக் கொடியை உன்னோடு சேர்ந்து ஏற்றிய மைத்துனனாக இருக்கலாம். நீ சிறை சென்றபோது அடுப்பை அணையாமல் காத்த அக்காளாக இருக்கலாம். அழு; தவறில்லை. பிறகு, அவர் பாதியில் விட்ட வேலை எது என்று பார். அவர் பிள்ளையின் பள்ளிச் செலவா? படிப்பகத்துக்கு அவர் வாங்க நினைத்த புத்தகமா? அதை எடுத்துச் செய்.

இன்னொன்றும் செய். பெரியார் தம் துணைவியாருக்குப் பட்ட கடனை எழுதியபோது, படிக்க அம்மையார் இல்லை. உன் துணைவி இருக்கிறாள். உன் தாய் இருக்கிறாள். நன்றியை இன்றைக்கே, அவர்கள் காது கேட்கச் சொல். அவர்கள் சுமையில் பாதியை உன் தோளில் வாங்கு. சொல்லாமல் வைத்த நன்றியை எந்த ஆற்றில் கரைத்தாலும், போனவர் காதில் அது விழப்போவதில்லை.