தெருப் பூனைகளின் பெருக்கமும் தொண்டர் பணியும்

மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்திலேயே எலி அவனை நாடி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடு ஒன்றும் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. உலகெங்கும் உள்ள வீட்டுப் பூனைகள் யாவும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒரு காட்டினத்தின் வழிவந்தவையே என்பது 2007-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. ஆயினும் ஆடு, மாடு, நாய் ஆகியவற்றைப் போலப் பூனை மனிதனுக்கு முற்றிலும் அடங்கிவிட்ட பிராணி அன்று. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெட்டைப் பூனை ஒரு கிடங்கின் மூலையில் குட்டி ஈனுமானால், அக்குட்டிகள் மனிதனைக் கண்டவுடன் சீறி ஓடும் பிராணிகளாகவே வளர்கின்றன. வீட்டு விலங்கு மீண்டும் காட்டுத்தன்மை எய்துவதற்கு ஒரு தலைமுறையே போதுமானது.

இதற்குக் காரணம் உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான பருவமே பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அப்பருவத்தில் மனிதர் கையில் எடுத்துப் பழக்கிய குட்டி வீட்டுப் பூனையாகிறது. அப்பருவம் கழிந்தபின் பிடிக்கப்படும் குட்டியைப் பழக்குவது மிகக் கடினம். ஆகவே தெருவில் திரியும் பூனைகளுள் இரு வகை உண்டு. ஒன்று, முன்பு யாராலோ வளர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. மற்றொன்று, மனிதர் கையே படாமல் வளர்ந்தது. முன்னதற்கு மீண்டும் ஒரு வீடு தேடித் தரலாம். பின்னதை ஓர் அறையில் அடைத்து வைப்பது அதற்குத் துன்பமே தரும்.

இவ்விரண்டையும் சில இடங்களில் காட்டுப்பூனை என்று வழங்குவது தவறு. காட்டுப்பூனை வேறோர் இனம். நீண்ட கால்களும், நுனியில் கருவளையங்கள் கொண்ட குட்டையான வாலும், செவி நுனியில் சிறு கரு மயிர்க்கற்றையும் அதன் அடையாளங்கள். அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. தெருப் பூனைக்கு வைத்த கூண்டில் அது தப்பித் தவறி அகப்பட்டால், வனத்துறையினருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

பூனையின் இனப்பெருக்கம் பற்றிய சில உண்மைகளை அறியாமல் தொண்டர் பணியின் நோக்கத்தை விளங்கிக்கொள்ள இயலாது. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதங்களிலேயே சினைப் பருவம் அடைந்துவிடக் கூடும். மற்றப் பல விலங்குகளில் கருமுட்டை தானாகவே உரிய காலத்தில் வெளிப்படும். பூனையிலோ இணைசேர்தலே அதற்குத் தூண்டுகோல். ஆதலின் இணைசேர்ந்த பூனை கருவுறாமற் போவது அரிது. கர்ப்பகாலம் ஒன்பது வாரங்கள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினைப் பருவம் எய்துவதுண்டு. பகற்பொழுது நீண்டிருக்கும் காலமே இனப்பெருக்கத்துக்கு உகந்தது. வெப்ப நாடுகளில் ஆண்டு முழுவதுமே இது நிகழலாம்.

ஒரு ஜோடிப் பூனை ஏழாண்டுகளில் நாலு லட்சத்து இருபதினாயிரம் பூனைகளாகப் பெருகும் என்று துண்டுப் பிரசுரங்கள் பலவற்றில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். பிறந்த குட்டிகள் யாவும் பிழைத்திருக்கும் என்று கொண்டு போடப்பட்ட கணக்கு இது. உண்மை நிலை இதற்கு மாறானது, இதைவிடத் துயரமானதுங்கூட. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட கரோலினா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், தெருப் பெட்டைப் பூனை ஒன்று ஆண்டுக்குச் சராசரி 1.4 ஈற்று வீதம், ஈற்றுக்குப் பெரும்பாலும் மூன்று குட்டிகள் ஈனுவதாகக் கணக்கிடப்பட்டது. கண்காணிக்கப்பட்ட 169 குட்டிகளுள் 127 குட்டிகள் ஆறு மாதம் நிறையுமுன் இறந்தன, அல்லது காணாமற் போயின. அதாவது நான்கில் மூன்று.

இந்த எண்களைக் கொண்டு வகுப்பறையிலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சந்தைப் பகுதியில் பத்துப் பெட்டைப் பூனைகள் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டில் அவை 14 ஈற்றுகளில் 42 குட்டிகளை ஈனும். நான்கில் மூன்று மடிந்தபின் பத்து எஞ்சும். ஐந்து பெட்டைகளுக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்து, ஐந்தை விட்டுவிட்டால், 21 குட்டிகள் பிறந்து ஐந்து எஞ்சும். முதியனவாய் இறக்கும் பூனைகளின் இடத்தை நிரப்ப இந்த ஐந்தே போதும். பாதி வேலை செய்தவர் செலவிட்ட பணமும் உழைப்பும் பூனைகளின் எண்ணிக்கையைக் குறைக்காமலே போய்விடும். வெளியிலிருந்து புதுப் பூனைகள் வராத நிலையிலும், நூற்றுக்கு 71 முதல் 94 வரை சிகிச்சை பெற்றால்தான் கூட்டம் சுருங்கும் என்று 2005-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணித ஆய்வு கூறுகிறது.

பூனைகள் பெருகிய இடத்தில் மக்கள் இருவேறு வழிகளில் நடந்துகொள்கின்றனர். சிலர் அவற்றைப் பிடித்துச் சாக்கில் கட்டி வேறிடத்தில் விடுகின்றனர், அல்லது கொல்கின்றனர். சிலர் இரக்கம் கொண்டு சோறும் மீனும் இடுகின்றனர். இரண்டாலும் எண்ணிக்கை குறைவதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இரண்டு வனப்பகுதிகளில் சிற்சில பூனைகளைப் பிடித்து அகற்றிப் பார்த்தனர். அகற்றிய காலத்தில் அப்பகுதிகளில் தென்பட்ட பூனைகளின் எண்ணிக்கை ஓரிடத்தில் 75 சதவீதமும் மற்றோரிடத்தில் 211 சதவீதமும் உயர்ந்ததாக 2014-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆட்சி செலுத்திய கடுவன்கள் நீங்கியதும் சுற்றுப்புறத்துப் பூனைகள் காலியான இடத்துக்கு வந்து சேர்ந்தன என்பதே ஆராய்ச்சியாளர் கூறிய விளக்கம். உணவு மட்டும் இடுவோரின் செயலோ, கருணை மிக்கதாயினும், மேலும் பல குட்டிகள் பிறந்து மடிவதற்கே வழி செய்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பூனையைக் கூண்டில் பிடித்து, கருத்தடைச் சிகிச்சையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அளித்து, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுவது அது. வேலையின் பெரும்பகுதியைச் சம்பளம் பெறாத தொண்டர்களே செய்கின்றனர். கத்தியைக் கையில் எடுப்பவர் மட்டும் கால்நடை மருத்துவர்.

இம்முறையில் சிறு விவரங்களே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கின்றன. முதலாவதாக, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவிட்டுப் பூனைகளை அங்கு வரப் பழக்குகின்றனர். வரும் பூனைகளை நிறம், வால், தழும்பு முதலிய அடையாளங்களைக் கொண்டு குறிப்பேட்டில் பதிகின்றனர். பிடிப்பதற்கு முந்திய நாள் உணவை நிறுத்திவிடுகின்றனர்; பசித்த பூனையே கூண்டினுள் நுழையும். கதவு விழுந்தவுடன் கூண்டின் மேல் தடித்த துணியைப் போர்த்துவது இன்றியமையாதது. இருள் சூழ்ந்ததும் பூனை அடங்கிவிடும். போர்த்தாவிடில் கம்பியில் மோதி மூக்கையும் நகங்களையும் புண்ணாக்கிக்கொள்ளும். கடுவனுக்குக் காயடித்தலும், பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சூலகத்தை, பெரும்பாலும் கருப்பையுடன் சேர்த்து, நீக்குதலும் செய்யப்படுகின்றன. தையலைப் பிரிக்க அதே பூனையை மறுபடி பிடிப்பது நடவாத காரியமாதலால், உடலிலேயே கரைந்துவிடும் இழையால் தைக்கின்றனர். பால் கொடுக்கும் தாய் அகப்பட்டால் அதை நெடுநேரம் வைத்திருப்பதில்லை. எங்கோ ஒளிந்திருக்கும் குட்டிகள் பட்டினியால் இறந்துவிடும்.

மயக்கம் தெளியுமுன் ஒரு செவியின் நுனியைச் சிறிதளவு நேராக வெட்டிவிடுவது வழக்கம். இரக்கமற்ற செயல்போல் இது தோன்றலாம். ஆனால் சிகிச்சை பெற்ற பூனையைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. இக்குறி இல்லாவிட்டால் ஒரே பெட்டையை இருமுறை மயக்கி வயிற்றைத் திறக்க நேரும். ஜப்பானில் செவி நுனியில் இதழ்போன்ற சிறு பிளவு செய்கின்றனர். ஆணுக்கு வலச்செவி, பெண்ணுக்கு இடச்செவி. செர்ரி மலரின் இதழை ஒத்திருப்பதால் அப்பூனைகளுக்கு அம்மலரின் பெயரே வழங்குகிறது.

இம்முயற்சி முழு வெற்றி பெற்ற ஊர்களுள் ஒன்று அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆறு கடலிற் கலக்குமிடத்தில் உள்ள நியூபரிபோர்ட். அவ்வூரின் நீர்க்கரையில் 1992-ஆம் ஆண்டில் சுமார் 300 பூனைகள் திரிந்தன. அவ்வாண்டில் ஊர்த் தொண்டர்கள் சங்கம் ஒன்றை அமைத்துப் பூனைகளைப் பிடிக்கலாயினர். மனிதரோடு பழகக் கூடிய பூனைகளையும் குட்டிகளையும் அவர்கள் திரும்ப விடவில்லை. வீடு தேடிக் கொடுத்தனர். இவ்வாறே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீர்க்கரையை விட்டு அகன்றது. எஞ்சியவை சிகிச்சை பெற்று அங்கேயே உணவும் கவனிப்பும் பெற்று வாழ்ந்தன. அங்கு வாழ்ந்த கடைசிப் பூனை 2009-ஆம் ஆண்டில் இறந்தது. முந்நூறு பூனைகள் இல்லாமற் போவதற்குப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. விரைவில் பலன் காண விரும்புவோர்க்கு இது ஏற்ற பணி அன்று.

மத்திய புளோரிடாப் பல்கலைக் கழக வளாகத்திலும் 1991-ஆம் ஆண்டு முதல் இப்பணி நடைபெற்றது. அங்கு 1996-இல் 68 பூனைகள் இருந்தன, 2002-இல் 23. 1995-க்குப் பின் வளாகத்தில் குட்டிகள் எவையும் காணப்படவில்லை. அந்தப் பதினோராண்டுகளில் பதிவு செய்யப்பட்ட 155 பூனைகளுள் ஏறத்தாழப் பாதிக்கு வீடுகள் கிடைத்தன. 2019-இல் வெளியான பின் அறிக்கையில் எஞ்சியிருந்தவை பத்தே. பெயர் தாங்கிய குறிப்பேடு அங்கு முறையாக வைக்கப்பட்டிருந்ததால்தான் இவ்வளவும் தெரியவந்தது.

ரோமாபுரியின் அனுபவம் இத்தனை இனிமையானதன்று. பூனைகளுக்கு உணவிடும் பெண்மணிகள் அந்நகரில் நெடுங்காலமாக இருந்துவருகின்றனர். அவர்களைக் குறிக்கத் தனிச்சொல்லே இத்தாலிய மொழியில் உண்டு. 1991-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இத்தாலியச் சட்டம், நோயற்ற தெருப் பூனைகளைக் கொல்வதைத் தடைசெய்து, சிகிச்சைக்குப்பின் அவற்றைத் தம் கூட்டத்திலேயே விட வேண்டுமென்று விதித்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழ எண்ணாயிரம் பூனைகள் சிகிச்சை பெற்றன. 103 கூட்டங்களை ஆராய்ந்தபோது எண்ணிக்கை 16 முதல் 32 சதவீதம் வரை குறைந்திருந்தது. ஆனால் அக்கூட்டங்களில் 21 சதவீதம் புதிதாக வந்து சேர்ந்தவை. அவற்றுள் பல வீட்டார் கொண்டுவந்து விட்டுச் சென்ற பூனைகள். பூனைகளுக்கு உணவு கிடைக்கும் இடம் என்று தெரிந்ததும், வேண்டாத குட்டிகளை அங்கே விடுவது சிலர்க்கு எளிதாகிவிடுகிறது. வீட்டில் வளர்ப்போர் தம் பூனைகளின் பெருக்கத்தைத் தடுக்காதவரை இப்பணி வீண்செலவே என்று அவ்வாய்வு நடத்தியவர்கள் கடுமையாகவே எழுதினர்.

பறவை நிபுணர்களுள் பலர் இம்முறையையே எதிர்க்கின்றனர். அவர்களுடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சிகிச்சை பெற்ற பூனை குட்டி ஈனுவதில்லையே தவிர, வேட்டையாடுவதை விடுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாகவும், அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது என்றும் 2013-ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. தீவுகளில் நிலைமை இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே உள்ள மேரியன் தீவில் 1949-இல் எலி பிடிப்பதற்காக ஐந்து பூனைகள் கொண்டுசெல்லப்பட்டன. 1977-இல் அவை ஏறத்தாழ 3,400 ஆகி, ஆண்டுக்கு நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றுகொண்டிருந்தன. நோய்க்கிருமி, துப்பாக்கி, பொறி எனப் பல வழிகளைக் கையாண்டு 1991-இல்தான் அவற்றை ஒழிக்க முடிந்தது. பறவைகள் தரையில் கூடு கட்டும் தீவுகளிலும், சரணாலயங்களின் ஓரங்களிலும் பூனைகளைப் பிடித்த இடத்திலேயே விடும் முறை பொருந்தாது. கடைத்தெரு, மருத்துவமனை வளாகம், துறைமுகக் கிடங்கு போன்ற இடங்களுக்கே இது உரியது.

நோய்களைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். இந்தியாவில் வெறிநோய் பெரும்பாலும் நாயினாலேயே பரவுகிறது எனினும், பூனைக் கடியும் கீறலும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கூண்டுகளைக் கையாளும் தொண்டர் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம். டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒற்றையணு உயிரி பூனையின் மலத்தில் வெளிப்பட்டு மனிதரைப் பற்றக்கூடும். கருவிலுள்ள குழந்தைக்கு அது தீங்கானது. வெளிப்பட்டு ஒரு நாளாவது கழிந்தபின்பே அது பற்றும் தன்மை பெறுகிறது. எனவே உணவிடும் இடத்தை அன்றன்றே துப்புரவு செய்வதும், கர்ப்பிணிகள் அவ்வேலையில் ஈடுபடாதிருப்பதும் போதிய பாதுகாப்பாகும்.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களுக்கென்றே அமைந்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புதிய விதிகள் வந்தன; தலைப்பிலிருந்து நாய்கள் என்னும் சொல் நீக்கப்பட்டது. உரிமையாளர் எவரும் இல்லாமல் ஓர் ஊரில் பிறந்து வாழும் பிராணியைச் சமூகப் பிராணி என்று இவ்விதிகள் குறிக்கின்றன. பெரும்பகுதி இன்னும் நாய்களைப் பற்றியதே. ஆயினும் சமூகப் பிராணிகளுக்கு உணவிடுவது பற்றிய விதி களப்பணியாளர் அறிந்திருக்க வேண்டியது. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாயில் ஆகியவற்றுக்கு விலகி உணவிடும் இடத்தைக் குடியிருப்போர் சங்கம், உணவிடுவோரையும் கலந்து, ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். பூனையைப் பிடிக்கவும் எண்ணவும் இவ்வாறு குறித்த இடமே வசதியானது.

எண்ணும் வேலையை மேல் வகுப்பு மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். பூனையைத் தொடாமல், விலகி நின்று, வாரம் ஒருமுறை ஒரே வேளையில் எண்ணினால் போதும். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இருக்க வேண்டும்: செவி வெட்டிய பூனைகள், செவி முழுமையாக உள்ளவை, குட்டிகள். எல்லாப் பூனைகளும் சிகிச்சை பெற்ற கூட்டத்தில் இரண்டாம் பத்தியில் ஓர் எண் தோன்றினால், யாரோ ஒருவர் புதிய பூனையைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், அல்லது அது தானே வந்திருக்கிறது என்று பொருள். அது பெட்டையாயிருந்து ஒன்பது வாரங்கள் கவனியாமல் விட்டுவிட்டால், மூன்றாம் பத்தியிலும் எண் ஏறிவிடும்.