புன்செய் நாட்டு உணவு

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த நிலப்பரப்பே இன்று பெரம்பலூர், அரியலூர் என்னும் இரண்டு மாவட்டங்களாக விளங்குவது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று 1995 ஆம் ஆண்டில் பெரம்பலூர் பிரிந்தது. அதனின்று 2001 ஆம் ஆண்டில் அரியலூர் பிரிந்து, மறு ஆண்டிலேயே மீண்டும் சேர்ந்து, 2007 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக நிலைபெற்றது. சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமிட்டி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற நாடு அது. கங்கைகொண்ட சோழபுரத்தைக் காண வருவோரும் பலர். ஆயினும் அந்நாட்டுக்கென ஓர் உணவு உண்டோ என வினவின், அவ்வூரவரே நகைத்து, 'எங்கள் ஊரில் என்ன இருக்கிறது, கூழும் களியுந்தான்' என்பர். செட்டிநாட்டுச் சமையலையும் தஞ்சைச் சிற்றுண்டியையும் புகழ்ந்து எழுதுவார் பலராக, இக்கூழையும் களியையும் பொருட்படுத்தி எழுதுவார் மிகச் சிலரே. அவற்றின் சுவையையும், அவை மறைந்துவரும் காரணத்தையும் இயன்ற அளவு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவை அறிய முதலில் நிலத்தை அறிதல் வேண்டும். கொள்ளிடக் கரையையும் ஏரிப் பாசனம் உள்ள சிற்சில இடங்களையும் நீக்கினால், எஞ்சியது பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. சில இடங்களிற் கரிசல், சில இடங்களிற் செம்மண். வடகிழக்குப் பருவமழை தரும் நீரைக்கொண்டு வரகு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை விளைத்து உண்டு வாழ்ந்தனர் அம்மக்கள். மேற்கே பச்சைமலையில் வாழ்வோர்க்குச் சாமையும் தினையும் உண்டு. நெல் விருந்துக்கும் விழாவுக்கும் உரியதாயிருந்தது. சோறு என்று மட்டும் சொன்னால் எந்தச் சோறு என்று விளங்காதாதலின், அரிசிச் சோற்றை 'நெல்லுச் சோறு' எனப் பிரித்துச் சொல்லும் வழக்கு முதியோர் நாவில் இன்றும் உண்டு. இவ்வொரு சொல்லே அந்நாட்டின் உணவு வரலாற்றைச் சுருங்கக் கூறுவதாகும்.

இவற்றுள் வரகையே நாம் முதலில் வைத்து எண்ணுதல் தகும். தமிழ் இலக்கியத்தில் அதற்குள்ள இடம் பெரிது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுள் ஒன்று, உணவு எனத்தக்கவற்றை நான்காக எண்ணுங்கால் வரகை முதலிற் கூறித் தினை, கொள், அவரை என்பனவற்றைப் பின்னர்க் கூறுகின்றது. நெல்லுக்கு அவ்வெண்ணிக்கையில் இடமில்லை. பெரும்பாணாற்றுப்படையோ முல்லை நிலத்தார் வரகுச் சோற்றை அவரைப் பருப்போடு உண்டதனைக் கூறி, அச்சோற்றுக்குப் பூளைப் பூவை உவமை காட்டுகின்றது. பொங்கற்காலத்துக் காப்புக் கட்டும் சிறுபீளை இப்பூளை இனத்தது. அதன் வெண்ணிறச் சிறுபூக்களை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்ப்பவர், பக்குவமாக வெந்த வரகுச் சோற்றுக்கு இதனினும் பொருந்திய உவமை இல்லையென உணர்வர். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றும், வரகுச் சோற்றுக்குக் கத்தரிக்காயையும் புளித்த மோரையும் துணையாகக் கூறுகின்றது. இலக்கியத்தில் யாம் பாடமாகப் படித்த இவ்வுணவைப் பெரம்பலூர்ப் பக்கத்துப் பாட்டிமார் சிலர் இன்றும் அவ்வாறே ஆக்கி இடுகின்றனர் என்பது வியப்பன்றோ?

வரகைத் தனியே விதைப்பதன்றி, இடையிடையே துவரையையும் ஊடுபயிராக விதைப்பது பழைய முறை. வரகு அறுவடையான பின்னும் துவரை நின்று காய்க்கும். ஆகவே ஒரே வயல் சோற்றையும் குழம்பையும் ஒருங்கே தருவதாயிற்று. பச்சைத் துவரங்காயை உப்பிட்டு வேகவைத்துத் தின்பது தைமாதத்துச் சிறுவர்க்குப் பெரு விருந்து. வேர்க்கடலையைவிட இது சுவையுடைத்து என்பது எம் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

வரகின் குறை அதன் தோலே. அதற்கு ஏழு தோல் உண்டென்பது நாட்டு வழக்கு. எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை எனினும், குத்திப் பார்த்தவர் ஒருவரும் அதனை மறுத்துரையார். முதலில் மண் திருகையில் இட்டுத் திரித்து, முறத்திற் புடைத்து, பின்னர் உரலிலிட்டுக் குத்தி, மீண்டும் புடைத்து, மீண்டும் குத்தித்தான் அரிசியைக் காணல் வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்காக விடியுமுன் எழுந்து உலக்கை பிடித்த பெண்டிரின் உழைப்பு அச்சோற்றினுள் அடங்கியிருந்தது.

இன்னுமொரு குறையும் உண்டு. அதனை மறைத்துப் புகழ்வது முறையன்று. அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூஞ்சை படிந்த வரகு, உண்டவர்க்கு மயக்கமும் வாந்தியும் நடுக்கமும் தரும். அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு சைக்ளோபியசோனிக் அமிலம் என்பதாகும். 2024 ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவகர் புலிகள் காப்பகத்தில் பத்து யானைகள் மாண்டன. அவை அவ்வாறு பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை மேய்ந்தமையே காரணமெனக் கண்டறியப்பட்டது. நன்கு உலர்த்திய தூய வரகில் இவ்வச்சம் இல்லை. நனைந்ததும் நிறம் மாறியதுமான வரகை விலக்குக. உலர்ந்த வரகோ தோலோடு இருக்கும்வரை நெடுங்காலம் கெடாது. ஏழு தோலால் விளைந்த நன்மை இது. கோயிற் கலசங்களில் வரகை இட்டுவைக்கும் வழக்கத்துக்கு இதனையே காரணமாகக் கூறுவர்.

கம்பின் செய்தி வேறு. அதனைச் சிறிது நீர் தெளித்துக் குத்தினால் உமி நீங்கும். பின்னர் இடித்துச் சலித்து, நொய்யை வேறாகவும் மாவை வேறாகவும் வைத்துக்கொள்வர். கொதிக்கும் நீரில் நொய்யை முதலில் இட்டு, அது வெந்தபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டிபடாமற் கிண்டி இறக்குவர். ஆறியபின் உருண்டையாகப் பிடித்து, நீர் நிறைந்த மண்பானையில் இரவெல்லாம் ஊறவைப்பர். மறுநாட் காலையில் ஓர் உருண்டையை எடுத்து மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் அதுவே கம்பங்கூழ். சற்றே புளித்து, குளிர்ந்து, பங்குனி சித்திரை வெயிலுக்கு அமுதமாக இருக்கும். மோர்மிளகாயோ கொத்தவரை வற்றலோ மாங்காய்த் துண்டோ அதற்குத் துணை. கருவாடு உண்பார்க்குச் சுட்ட கருவாட்டைவிடச் சிறந்தது பிறிதில்லை. கூழின் பானை நீரும் வீணாவதில்லை. வயலுக்குப் புறப்படுவோர் உப்பிட்டு அதனையும் பருகிச் செல்வர்.

இவையனைத்துக்கும் பொதுவாக நின்று உதவுவது சின்ன வெங்காயம். செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் வெங்காயம் தமிழகமெங்கும் செல்கின்றது. விலை தாழ்ந்த காலத்து அதனை விற்காது, தரையினின்று உயர்த்திக் கட்டிய பட்டறையிற் காற்றோட்டமாகச் சேமித்து, கீற்று வேய்ந்து மழை படாது காப்பர். கூழுக்கு வெங்காயத்தைக் கத்தியால் அரிதல் அவ்வூர் வழக்கமன்று. கல்லின்மேல் வைத்துக் கையால் நசுக்கி உண்டலே முறை. அப்பொழுதுதான் காரமும் இனிப்பும் ஒருங்கே நாவிற் படும்.

சோளத்தை இடித்துச் சோறாகவும் களியாகவும் ஆக்குவர். சோளச் சோற்றைச் சூடு ஆறுமுன் உண்டுவிடல் வேண்டும், ஆறினால் இறுகிவிடும். புளிச்சகீரைக் கடைசல் அதற்கு நன்கு பொருந்தும். ஆனால் இன்று பெரம்பலூர் வயல்களிற் காணும் சோளம் இச்சோளமன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்த மக்காச்சோளமே எங்கும் நிறைந்துள்ளது. அதில் மிகப் பெரும்பகுதி மனிதர் உண்பதற்கன்று, நாமக்கல் முதலிய இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் செல்கின்றது. மனிதர்க்குச் சோறு விளைத்த நிலம் கோழிக்குத் தீவனம் விளைக்க, அக்கோழியின் முட்டை அதே ஊர்க் கடைக்கு விலைக்கு வருகின்றது. இதனைக் குறை கூறுதற்கும் இல்லை. கைப்பணம் தரும் பயிரை உழவன் நாடுதல் இயல்பே.

கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதியிற் சுவை வேறாகும். அது முந்திரிக் காடுகளின் நாடு. கோடைக்காலத்தில் முற்றாத பச்சை முந்திரியைப் பிளந்து பருப்பெடுத்துக் குழம்பிடுவர். தோலின் பால் கையைப் புண்ணாக்கும் இயல்பினதாதலின் பழகாதார் அவ்வேலையில் இறங்காதிருத்தல் நன்று. வறுத்த முந்திரியை மட்டும் அறிந்தவர் இதனை ஒருமுறை உண்டு பார்த்தல் வேண்டும்.

இனிப் பிறநாட்டாரை நோக்குவோம். ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள மொராக்கோ நாட்டார்க்குத் தலையாய உணவு கூஸ்கூஸ் என்பது. கோதுமை ரவையில் நீர் தெளித்துக் கையாலுருட்டிச் சிறு மணிகளாக்கி, அடியில் துளைகளுள்ள பாத்திரத்தில் இடுவர். கீழ்ப்பானையில் இறைச்சியும் காய்கறியும் கொதிக்க, அக்குழம்பின் ஆவியிலேயே மேலுள்ள மணிகள் வேகும். நம் புட்டும் ஆவியில் வேவதே. ஆயினும் குழம்பின் மணத்தையே ஆவியாக்கி ஏற்றும் நுட்பம் அவர்க்கு உரியது. கோதுமையேயன்றி வாற்கோதுமையாலும் சிறுதானியத்தாலும் அதனைச் செய்வதுண்டு. வெள்ளிக்கிழமைதோறும் குடும்பத்தார் ஒரு தட்டைச் சூழ்ந்திருந்து உண்பர். 2020 ஆம் ஆண்டில் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, மௌரித்தானியா என்னும் நான்கு நாடுகளும் ஒருங்கு வேண்ட, கூஸ்கூஸ் ஆக்கும் அறிவையும் வழக்கத்தையும் மானிட இனத்தின் மரபுச் செல்வமென யுனெஸ்கோ தன் பட்டியலிற் சேர்த்தது. அதுவும் பெண்டிர் கூடியிருந்து கையாலுருட்டிய எளிய தானிய உணவே. அந்நாட்டார் அதனை விருந்தினர்க்குப் பெருமையோடு இடுகின்றனர். நம்மவரோ விருந்தினர் வரின் கூழ்ப்பானையை மறைக்கின்றனர்.

இந்நாணத்துக்குக் காரணம் யாது? வரகும் கம்பும் ஏழைமையின் அடையாளமாகவும், வெண்ணெல்லரிசி மேன்மையின் அடையாளமாகவும் கருதப்பட்டமையே. இதனோடு நியாயவிலைக் கடை அரிசியும் சேர்ந்தது. 2008 ஆம் ஆண்டிற் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஆம் ஆண்டு சூன் மாதமுதல் விலையின்றியும் அரிசி கிடைக்கலாயிற்று. அதனாற் பசி நீங்கிய குடும்பங்கள் எண்ணில. அதனை இகழ்வார் பசியை அறியாதார். வரகைக் கைவிட்டமைக்காகப் பெண்டிரைக் குறைகூறுவாரும் உளர். உலக்கையைத் தொடாதவர் பழைய உணவின் பெருமையைப் பேசுதல் எளிது. எம் பாட்டியாரை வினவியபோது, 'சோறு நல்ல சோறுதான், கைதான் போயிற்று' என்றார். சுவை குறைந்தமையாலன்று, உழைப்பு மிகுந்தமையாலேயே வரகு அடுக்களையை விட்டு நீங்கிற்று என்பது அம்மொழியால் தெளிவாகும்.

இந்தியா முன்மொழிய, ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதன்பின் நகரத்துக் கடைகளில் வரகரிசி அழகிய பொட்டலங்களில் வீற்றிருக்கின்றது. விளைத்தவன் தோலோடு விற்ற வரகு, தொலைவிலுள்ள ஆலையில் அரிசியாகி, நெல்லரிசியினும் மிக்க விலையோடு திரும்புகின்றது. இடையில் நேர்ந்தது தோல் நீக்கும் ஒரு தொழிலே. அச்சிறு பொறி ஊர்தோறும், அல்லது நான்கூர்க்கு ஒன்றாகவேனும் அமையுமாயின், உலக்கையின் துன்பமும் இல்லை, பொட்டலத்தின் விலையும் இல்லை. வரகு மீண்டும் வருமா வராதா என்பது நம் சொற்பொழிவுகளைவிட அப்பொறியையே பொறுத்துள்ளது.

முதன்முதல் வரகை ஆக்கிப் பார்க்க விரும்பும் நண்பர்க்குச் சில குறிப்புகள். அரிசியைக் கல் நீக்கி இரண்டு முறை கழுவுக. ஒரு பங்குக்கு இரு பங்கிற் சற்று மிகுதியாக நீரைக் கொதிக்கவைத்து அதில் இடுக. நீர் சுண்டியதும் தீயைத் தணித்து மூடிப் புழுங்க விடுக. இடையிற் கிளறினாற் குழைந்துவிடும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும், முந்தின நாட் புளித்த மோரும், நசுக்கிய சின்ன வெங்காயமும் போதும். செரிக்க நேரமாகுமாதலின் பகலில் உண்க. நெல்லுச் சோறு உண்ணும் அளவில் முக்காற் பங்கே வயிற்றை நிறைத்துவிடும்.