காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்ற பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தல்

காற்றுத் துப்பாக்கியில் (ஏர் கன்) வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று விரிவடையும் விசையே குண்டை வெளியே தள்ளுகிறது. இதில் பயன்படும் சிறிய ஈயக் குண்டுக்குப் பெல்லட் என்று பெயர். காற்றின் விசை குறைவு என்பதால், பெல்லட்டின் எடை, வடிவம், விட்டம் ஆகியவற்றில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றமும் குறியில் தெரிந்துவிடும். பொருத்தமில்லாத பெல்லட்டால் போட்டியாளர் புள்ளிகளை இழப்பார்; வேட்டையில் விலங்கு உடனே இறக்காமல் காயத்துடன் ஓடி ஒளிந்து, நெடுநேரம் துன்பப்பட்டு மடியும். ஆகவே பெல்லட்டை டப்பாவில் அச்சிட்டுள்ள வேகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படுகிறதா என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெல்லட்டின் அமைப்பு

பெரும்பாலான பெல்லட்டுகள் உடுக்கையைப் போல நடுவில் ஒடுங்கியிருக்கும். முன்பகுதியான தலை கனமானது. பின்பகுதி உள்ளே குடைவாகவும், பாவாடை போல விரிந்தும் இருக்கும். சுடும்போது காற்றின் அழுத்தம் இந்த மெல்லிய பின்பகுதியை விரித்துக் குழலின் சுவரோடு ஒட்டச் செய்கிறது. இதனால் காற்று கசிவதில்லை. குழலின் உட்புறத்தில் திருகுபோல வெட்டப்பட்டிருக்கும் புரிகள் பெல்லட்டைச் சுழல வைக்கின்றன. சுழற்சியும், பின்பகுதியை இழுத்துப் பிடிக்கும் காற்றுத் தடையும் சேர்ந்து அது புரளாமல் நேராகப் பறக்க உதவுகின்றன.

விட்டம்

பரவலாகக் கிடைக்கும் அளவுகள் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. ஆகியவை. இவை அங்குலக் கணக்கில் முறையே 0.177, 0.22 எனப்படும். 5 மி.மீ., 6.35 மி.மீ. அளவுகளும் உண்டு. பன்னாட்டு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகள் அனைத்தும் 4.5 மி.மீ. அளவில் நடப்பவை. துப்பாக்கியின் குழல் எந்த அளவோ, அந்த அளவு பெல்லட்டை மட்டுமே அதில் பயன்படுத்த முடியும்.

ஒரே அளவுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடு உண்டு. போட்டிகளுக்கான பெல்லட்டுகள் 4.49, 4.50, 4.51 மி.மீ. எனத் தலையின் விட்டம் குறிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. மி.மீட்டரில் நூறில் ஒரு பங்கான இந்த வேறுபாடு, குழலின் புரிகளில் பெல்லட் எவ்வளவு இறுக்கமாகப் பதிகிறது என்பதை மாற்றுகிறது.

தலையின் வடிவங்கள்

தட்டைத் தலை: காகித இலக்கில் ஓரம் கிழியாமல் வட்டமான துளை போடும். எனவே புள்ளியைக் கணக்கிடுவது எளிது. காற்றுத் தடை அதிகம் என்பதால் தொலைவு கூடினால் வேகம் விரைவாகக் குறையும்; குறியும் சிதறும். 10 மீட்டர் போட்டிக்கு உரியது.

உருண்டைத் தலை: காற்றைக் குறைந்த தடையுடன் கிழித்துச் செல்லும். வேகத்தை நெடுந்தொலைவு தக்கவைக்கும். 20 மீட்டருக்கு மேல் சுடுவதற்கும் வேட்டைக்கும் பெரும்பாலானோர் இதையே விரும்புகிறார்கள்.

கூர் தலை: ஆழமாக ஊடுருவும். ஆனால் கூர்முனை நடுவிலிருந்து சற்று விலகியிருந்தாலும், நசுங்கியிருந்தாலும் குறி தவறும். பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு நன்மை கிடைப்பதில்லை.

குழித் தலை: உடலில் பட்டதும் முன்பகுதி விரிந்து அகலமான காயத்தை ஏற்படுத்துவதற்காக அமைந்தது. விரிவதற்குப் போதிய வேகம் வேண்டும். குறைந்த ஆற்றல் கொண்ட துப்பாக்கியில், தொலைவு கூடக்கூட இது விரிவது குறைந்துவிடும்.

எடையும் வேகமும்

துப்பாக்கியின் ஆற்றல் மாறாதிருந்தால், எடை குறைந்த பெல்லட் வேகமாகவும் எடை கூடிய பெல்லட் மெதுவாகவும் செல்லும். பிரிட்டனில் உரிமம் இல்லாத காற்று ரைஃபிளுக்கு உச்சவரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல். இந்த ஆற்றலில் 0.547 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் நொடிக்குச் சுமார் 244 மீட்டர் வேகத்தில் புறப்படும். 1.03 கிராம் எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட்டின் வேகம் சுமார் 178 மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 30 மீட்டர் செல்வதற்குள் முதலாவது 7.4 செ.மீ. தாழும், இரண்டாவது 13.9 செ.மீ. தாழும். எனவே தொலைவைத் தவறாக மதிப்பிடுபவருக்கு 4.5 மி.மீ. பெல்லட் சற்றுக் கைகொடுக்கும். 5.5 மி.மீ. பெல்லட் அகலமான காயத்தை ஏற்படுத்தும்.

வேகம் கூடுவது எப்போதும் நல்லதல்ல. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். பெல்லட் அதை நெருங்கும்போது காற்றோட்டம் குலைந்து அது தள்ளாடுகிறது, குறி சிதறுகிறது. சில ஸ்பிரிங் துப்பாக்கிகளின் பெட்டியில் விளம்பரப்படுத்தப்படும் உயர்ந்த வேகம், மிக இலேசான பெல்லட்டைக் கொண்டு எட்டப்படுவது. ஸ்பிரிங் துப்பாக்கியில் மிக இலேசான பெல்லட்டைப் பயன்படுத்தினால், போதிய எதிர் அழுத்தம் இல்லாமல் பிஸ்டன் முன்சுவரில் மோதும். மிகக் கனமான பெல்லட்டும் அதற்கு ஏற்றதல்ல. நடுத்தர எடையே பொருந்தும். முன்கூட்டியே காற்று அடைக்கப்பட்ட துப்பாக்கிகள் கனமான பெல்லட்டை நன்கு தாங்கும்.

இலக்குச் சுடுதலுக்கு

10 மீட்டர் காற்று ரைஃபிள் 1984 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. இலக்கின் 10 புள்ளி வளையம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி மட்டுமே. 4.5 மி.மீ. பெல்லட் அதைத் தொட்டாலே 10 கிடைக்கும். அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். மின்னணு இலக்குகள் இதை 10.0 முதல் 10.9 வரை பிரிக்கின்றன. ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மி.மீ. மட்டுமே இடைவெளி.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். வெள்ளி வென்ற சீன வீரர் சூ சீனான் பெற்றது 699.7. எழுபது முறை சுட்ட பிறகு இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு 0.8 மட்டுமே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் களம் காணும் போட்டிப் பிரிவும் இதுவே. இந்த நிலையில் போட்டியிடுவோர் தங்கள் துப்பாக்கியைப் பிடிப்புக் கருவியில் பொருத்தி, வெவ்வேறு தலை விட்டங்களையும் தயாரிப்புத் தொகுதிகளையும் சோதிக்கிறார்கள். சிறந்ததாகத் தெரியும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

பயிற்சி தொடங்கும் மாணவருக்கு இவ்வளவு தேவையில்லை. சுமார் 0.5 கிராம் எடையுள்ள, தரமான தட்டைத் தலைப் பெல்லட் போதும்.

வேட்டைக்கு

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் முயல், எலி, சாம்பல் அணில் முதலியவற்றைச் சட்ட வரம்புக்குள் காற்றுத் துப்பாக்கியால் வேட்டையாடுகிறார்கள். இந்த ஆற்றலில் உடலின் எப்பகுதியில் பட்டாலும் விலங்கு இறந்துவிடும் என்று எண்ணுவது தவறு. மூளையில் பட்டால்தான் முயல் உடனே இறக்கும். அந்தப் பகுதி ஒரு நாணயத்தின் அளவே இருக்கும். எனவே விரியும் தலையை விட, சொன்ன இடத்தில் படும் உருண்டைத் தலையே பெரும்பாலும் சிறந்தது. எந்தத் தொலைவு வரை எல்லாப் பெல்லட்டுகளும் நாணய அளவு வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுவே அந்தத் துப்பாக்கியின் வேட்டைத் தொலைவு. அதற்கு அப்பால் சுடக் கூடாது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் உரிமம் வேண்டாம் என்பது வேட்டையாடும் உரிமை ஆகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வயலில் இறங்கும் கொக்கைச் சுடுவதும் தண்டனைக்குரிய குற்றமே.

குழலோடு பொருத்திப் பார்த்தல்

ஒரே நிறுவனம் தயாரித்த ஒரே வகைத் துப்பாக்கிகள் இரண்டுக்குக்கூட வெவ்வேறு பெல்லட்டுகள் பொருந்தலாம். எனவே நான்கைந்து வகைகளை வாங்கிச் சோதிப்பதே நம்பகமான வழி.

1. காற்று வீசாத இடத்தில், பின்னால் உறுதியான தடுப்பு வைத்து, துப்பாக்கியை மென்மையான தாங்கியில் வைத்துச் சுட வேண்டும்.
2. பெல்லட் வகையை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குழல் புதிய பெல்லட்டுக்குப் பழக வேண்டும்.
3. ஒவ்வொரு வகையிலும் ஐந்தைந்தாகக் குறைந்தது நான்கு தொகுப்புகள் சுட வேண்டும். ஒரே ஒரு நல்ல தொகுப்பு தற்செயலாகவும் அமையலாம்.
4. ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து, பெல்லட்டின் விட்டத்தைக் கழிக்க வேண்டும். சராசரி எதில் குறைவோ அதுவே அந்தக் குழலுக்கு உரியது.

நசுங்கிய பெல்லட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். டப்பா கீழே விழுந்தால் மெல்லிய பின்பகுதிகள் வளைந்துவிடும்.

ஈயமும் பாதுகாப்பும்

ஈயம் நச்சுத்தன்மை உள்ளது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளக் கூடாது. சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே உண்ண வேண்டும். வெள்ளீயம், துத்தநாகக் கலவை ஆகியவற்றால் ஆன ஈயமற்ற பெல்லட்டுகளும் கிடைக்கின்றன. அவை இலேசானவை, கடினமானவை. எனவே கடினமான பரப்பில் பட்டுத் தெறிக்கும் வாய்ப்பு அதிகம். குழலுக்குப் பொருந்துகின்றனவா என்றும் தனியே சோதிக்க வேண்டும். எந்தப் பெல்லட்டானாலும் கண்ணில் பட்டால் பார்வை பறிபோகும். சுடுபவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம்.