பெயர் இருந்தால் பாட்டு கிடைக்கும்

கல்யாண மண்டபம். இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. மேடையில் பாட்டு நடக்கிறது. ஆனால் மேடையில் தபேலா இல்லை. கீபோர்டு இல்லை. ஒரு தம்பி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு டி.வி. அவ்வளவுதான்.

மணப்பெண்ணின் பெரியம்மா மேடை ஏறுகிறார். அவர் இதுவரை மைக்கைத் தொட்டதே இல்லை. தான் வளர்த்த பெண்ணுக்காக ஒரு தாலாட்டுப் பாட்டு பாட ஆசை.

"தம்பி, இந்தப் பாட்டு இருக்கா?"

"இருக்கு பெரியம்மா. ஒரு நிமிஷம்."

தம்பி தேடுகிறார். ஐந்து நிமிஷம் ஆகிறது. கூட்டம் சலசலக்கிறது.

"பரவாயில்லப்பா" என்று பெரியம்மா இறங்கிவிடுகிறார்.

அந்தப் பாட்டு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆனால் 'ட்ராக் 7' என்ற பெயரில் இருந்தது!

கரோக்கி என்றால் என்ன?

பாடகரின் குரல் இருக்காது. இசை மட்டும் ஒலிக்கும். பாட்டின் வரிகள் டி.வி.யில் தெரியும். அதைப் பார்த்து நாம் பாடலாம். இதுதான் கரோக்கி.

இது ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். ஜப்பானின் கோபே நகரில் இனோவே தைசுகே என்ற இசைக் கலைஞர் இருந்தார். 1971ஆம் ஆண்டில் அவர் இதற்கென ஒரு பெட்டி செய்து வாடகைக்கு விட்டார். காசு போட்டால் ஒலிநாடாவில் இருந்து இசை வரும். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

ஒரு பாட்டு, இரண்டு ஃபைல்

சில பாட்டுகள் வீடியோவாக, ஒரே ஃபைலாக வரும். பல பாட்டுகள் இரண்டு ஃபைல்களாக வரும். ஒன்று எம்.பி.3. இதில் இசை இருக்கும். இன்னொன்று சி.டி.ஜி. இதில் பாட்டு வரிகள் இருக்கும்.

இரண்டும் மாட்டு வண்டியின் இரண்டு சக்கரம் போல. ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க வேண்டும். கடைசியில் வரும் எம்.பி.3, சி.டி.ஜி. என்பது மட்டும் வேறுபடும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்றின் பெயரை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இசை வரும், வரி வராது. இரண்டையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி வைப்பவர்களும் உண்டு. அப்போது அவை பிரியாது.

கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியுமா?

சி.டி.ஜி. ஃபைலில் வரிகள் படமாகத்தான் இருக்கின்றன. நமக்கு அது எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது வெறும் கோலம். பாட்டின் வரியைச் சொல்லித் தேடினால் அதற்குள் தேட முடியாது. நாம் வைத்த பெயரை வைத்துத்தான் தேட முடியும்.

ஆகவே பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். பாட்டின் முதல் சொற்கள், படத்தின் பெயர், பாடியவர் பெயர். எல்லாப் பாட்டுக்கும் இதே வரிசையில் எழுத வேண்டும். ஒரு பெயரை ஒரே மாதிரி எழுத வேண்டும். ஓர் இடத்தில் 'சுசிலா', இன்னோர் இடத்தில் 'சுசீலா' என்று எழுதினால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.

இடம் மாறினால்?

கரோக்கி நடத்துவதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. ஃபோல்டர்களைக் காட்டினால் அவை பாட்டுப் பட்டியல் எடுத்துக்கொள்ளும். அடுத்து யார் பாட வேண்டும் என்ற வரிசையையும் வைத்துக்கொள்ளும். ஆனால் பட்டியல் எடுத்த பிறகு ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றினால் என்ன ஆகும்? வீடு மாறிய ஆளுக்குப் பழைய முகவரியில் கடிதம் போட்ட கதைதான். பட்டியலில் பெயர் இருக்கும், பாட்டு வராது. மாற்றிய பின் பட்டியலை மறுபடி எடுக்க வேண்டும்.

எல்லாப் பாட்டுக்கும் இன்னொரு பிரதியைத் தனி டிஸ்க்கில் வைப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் தொழில் நிற்காது.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பிழையில்லாமல் பெயர் எழுதத் தெரிந்தால் போதும். பொறுமையும் வேண்டும். அந்தத் தம்பி ஒரு நாள் மாலை உட்கார்ந்து எழுதியிருந்தால், அன்று பெரியம்மா பாடியிருப்பார்.

செய்து பாருங்கள்

உங்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். முதல் சொற்கள், படம், பாடியவர் என்ற வரிசையில் எழுதுங்கள். பிறகு அகர வரிசைப்படி அடுக்குங்கள். ஒரு பாட்டின் பெயரைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள். உடனே கிடைக்கிறதா?