முகாமுக்குள்ளிருந்து ஒரு கேமரா

2017 ஆகஸ்ட் முதல் மியான்மார் ராணுவத்துக்குத் தப்பி ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா சிறுபான்மையினர் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக் கேமராக்கள் அவர்களைச் சேற்றிலும் கண்ணீரிலுமே பதிவுசெய்தன. அது பொய்யல்ல, பாதி உண்மை. மீதியைக் காட்டத்தான் சாஹத் ஜியா ஹீரோ என்ற அகதி 'ரோஹிங்கியாடோகிராஃபர்' இதழைத் தொடங்கினார். அகதிகளே எடுத்த படங்கள் அதில் வருகின்றன. 2023இல் அவருக்கும் வேறு மூன்று ரோஹிங்கியாக் கலைஞர்களுக்கும் ஐ.நா. அகதிகள் முகமையின் நான்சென் பிராந்திய விருது கிடைத்தது.

சொந்த மக்களைப் படமெடுப்பவர் நடுநிலையாக இருப்பாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வெளியூர்க்காரர் மாலையில் கிளம்பிவிடுவார். படத்தில் இருப்பவர் அவரிடம் கணக்குக் கேட்க வழியில்லை. பக்கத்துக் குடிசைக்காரர் எடுத்த படம் பிடிக்கவில்லையென்றால் மறுநாளே கதவைத் தட்டலாம். பதில் சொல்லவேண்டியிருக்கும் அந்தக் கூச்சம் எந்த நெறிமுறைப் புத்தகத்தையும்விட வலுவான கடிவாளம். ஆனாலும் ஆயுதக் குழுக்கள் நடமாடும் முகாமில் இந்த அகதிக் கலைஞர்களும் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது என்பதையும் சேர்த்தே அந்தப் படங்களைப் பார்க்கவேண்டும்.